ரேஞ்சரும் மாமாவின் ஒலிப்பதிவுகளும்

மாமா விட்டுச்சென்றது ஒரு ஹார்ட் டிஸ்க்கும் நான்கு கோடு போட்ட நோட்டுப் புத்தகங்களும். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் எட்டு ஆண்டுகள் திரிந்து, திண்ணையிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து, பாட்டிமார்களின் குரலைச் சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்துவைத்திருந்தார். நடவுப்பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்று ஏறத்தாழ நான்காயிரம் கோப்புகள். பாதிக்கு மேல் கருவி தானாக வைத்த பெயரோடு கிடந்தன: ஆர்0001, ஆர்0002 என்று வெறும் வரிசையெண். மெமரி கார்டைத் துடைத்ததும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால் ஒரே பெயர் முப்பது கோப்புறைகளில் இருந்தது. எந்தப் பதிவில் யார், எந்த ஊரில், என்ன பாடினார் என்பது நோட்டுப் புத்தகங்களில் மட்டும் இருந்தது. அதையும் இதையும் சேர்த்துவைப்பதுதான் என் வேலை.

என் மடிக்கணினி பழையது, 2 ஜிபி நினைவகம், டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. சாளரத்தில் இயங்கும் கோப்பு மேலாளரில் அந்த டிஸ்க்கைத் திறந்தால் ஒவ்வொரு கோப்புறைக்கும் விசிறி இரைந்தது. அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு கோப்புக்கும் நான் செய்ய வேண்டிய மூன்று காரியங்கள் (கேட்பது, குறிப்பு எழுதுவது, பெயர் மாற்றுவது) மூன்று வெவ்வேறு சாளரங்களில் சிதறிக் கிடந்ததுதான். கை விசைப்பலகையை விட்டு மவுசுக்குப் போய்த் திரும்புவதிலேயே மாலைப்பொழுது கரைந்தது. அதனால் டெர்மினலுக்குள் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரம்) இயங்கும் ரேஞ்சர் என்ற கோப்பு மேலாளருக்கு மாறினேன். கடந்த நான்கு மாதங்களில் அதை என்னென்ன மாற்றினேன், எங்கே அடிபட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் இதில் சிலவற்றைச் சந்தித்தே தீருவார்கள். கட்டளைகளையும் விசைகளையும் ஒலிப்பில் எழுதுகிறேன்; அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் முயன்றது மிட்நைட் கமாண்டர் என்ற இன்னொரு கோப்பு மேலாளர். 1986இல் டாஸ் கணினிகளுக்காக ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டரைப் பின்பற்றி, 1994இல் மிகுவல் டி இகாசா தொடங்கியது. இடம் வலம் என்று இரண்டு பலகைகள். எஃப்5 அழுத்தினால் இந்தப் பக்கத்துக் கோப்பு அந்தப் பக்கம் நகலாகும். நகலெடுப்பதற்கு அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் எனக்கு வேண்டியது ஒரு கோப்பின் மேல் நிற்கும்போதே அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிவது. அதற்கு ரேஞ்சர் பொருந்தியது. திரையில் மூன்று பத்திகள்: இடப்பக்கம் தாய்க் கோப்புறை, நடுவில் நாம் நிற்கும் கோப்புறை, வலப்பக்கம் முன்னோட்டம். சி மொழியில் எழுதிய என்என்என், கோ மொழியில் எழுதிய எல்எஃப், ரஸ்ட்டில் எழுதிய யாஸி ஆகிய இதே வகைக் கருவிகள் எல்லாம் ரேஞ்சரைவிட விரைவானவை. ரேஞ்சர் பைதானில் எழுதப்பட்டது. எனக்குப் பைதான் படிக்கத் தெரியும். திறந்து பார்த்துத் திருத்த முடியும். அந்த ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தேன், அது சரியான தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிறுவியவுடன் ‘ரேஞ்சர் --காப்பி-கான்ஃபிக்=ஆல்’ என்ற கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும். வீட்டுக் கோப்புறையில், புள்ளி கான்ஃபிக் என்பதற்குள் ரேஞ்சர் என்ற கோப்புறை உருவாகி, அமைப்புக் கோப்புகள் வந்து இறங்கும். விசைகளுக்கு ஆர்சி, எந்தக் கோப்பை எதில் திறப்பது என்பதற்கு ரைஃபிள், முன்னோட்டத்துக்கு ஸ்கோப், நாமே எழுதும் கட்டளைகளுக்கு கமாண்ட்ஸ். நான் கைவைத்தது இவை நான்கிலும்தான்.

முதல் வேலை அழிக்கும் விசையைப் பிடுங்கியது. மாமாவின் பதிவுகளுக்கு வேறு நகல் அப்போது இல்லை. ரேஞ்சரில் சிறிய டி, பெரிய டி என்று அடுத்தடுத்து அழுத்தினால் அழிப்புக் கட்டளை எழும். எஃப்8, டெலீட் விசைகளும் அதையே செய்யும். ஆர்சி கோப்பைத் திறந்து அந்த மூன்று வரிகளையும் நீக்கிவிட்டு, ரேஞ்சரை மூடித் திறந்து, ஒரு வெற்றுக் கோப்பில் சோதித்தேன். அழிந்துவிட்டது. அரை மணி நேரம் குழம்பிய பிறகு ஆவணத்தில் கண்டுகொண்டேன்: ரேஞ்சர் முதலில் தன்னுடைய இயல்பான ஆர்சி கோப்பைப் படிக்கிறது, அதற்குப் பிறகுதான் நம்முடையதைப் படிக்கிறது. நம் கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்குவதால் அந்த விசை போகாது. ‘அன்மேப்’ என்று எழுதி வெளிப்படையாக விலக்க வேண்டும், அல்லது இயல்புக் கோப்பைப் படிக்காதே என்று சூழல் மாறியில் சொல்ல வேண்டும். நான் மூன்றையும் அன்மேப் செய்து, அதே சிறிய டி, பெரிய டி விசைகளுக்கு வேறு வேலை கொடுத்தேன்: தேர்ந்த கோப்புகளைக் ‘கழிவு’ என்ற கோப்புறைக்கு நகர்த்து, அங்கே அதே பெயர் இருந்தால் அதன்மேல் எழுதாதே. இதைச் செய்யாமல் வேறெதையும் தொடாதீர்கள் என்றே சொல்வேன்.

அடுத்து விசைப்பலகை. ரேஞ்சரில் நகர்வதற்கு விம் என்ற உரை எடிட்டரைப் போல எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகள். நான் தமிழ்99இல் தட்டச்சு செய்பவன். அந்த அமைப்பில் இதே நான்கு விசைகளும் க, ப, ம, த. குறிப்பு எழுதி முடித்துவிட்டுத் தமிழை அணைக்க மறந்து ரேஞ்சருக்குத் திரும்பினால் எதுவும் நகராது. கருவி உறைந்துவிட்டதோ என்று தோன்றும். அம்புக்குறி விசைகளுக்கு மொழி கிடையாது என்பதால் அவை எப்போதும் நகர்த்தும். ஆகவே நகர்வதை அம்புக்குறிக்கு மாற்றிக்கொண்டு, மொழிமாற்றும் விசையை வலக்கைப் பெருவிரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் பழகியது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நடுப்பத்தியில் ஒவ்வொரு கோப்புப் பெயருக்கும் எதிரே, வலது ஓரத்தில் அதன் அளவு வரும். ஆங்கிலப் பெயர்கள் உள்ள கோப்புறையில் அந்த எண்கள் எல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்கும். தமிழ்ப் பெயர் வைத்த கோப்புறைக்குள் போனதும் அவை பல்வரிசை கோணியதுபோல ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று நின்றன. முதலில் எழுத்துருவின் மேல் பழிபோட்டேன். இரண்டு மூன்று எழுத்துருக்களை மாற்றியும் கோணல் அப்படியே இருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எந்தப் பெயர் எத்தனை இடம் உள்ளே தள்ளி நிற்கிறது என்று எழுதினேன். ‘தாலாட்டு’ ஒரு இடம். ‘நடவுப்பாட்டு’ இரண்டு இடம். ‘புல்வயல்_ஒப்பாரி_தாய்க்கு’ ஐந்து இடம். ஐந்தாவது பெயரை எழுதும்போது பிடிபட்டது: பெயரில் எத்தனை மெய்யெழுத்துப் புள்ளிகளோ, அத்தனை இடம்.

காரணம் இதுதான். ‘நடவுப்பாட்டு’ நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அது பன்னிரண்டு குறியீடு: ந, ட, வ, உகரக் குறி, ப, புள்ளி, ப, கால், ட, புள்ளி, ட, உகரக் குறி. திரையில் கட்டம் கட்டமாக எழுதும் என்கர்சஸ் நூலகம், புள்ளியை இடம் பிடிக்காத குறி என்று அறிந்து, முந்தைய எழுத்தின் கட்டத்துக்குள்ளேயே வைக்கிறது. ஆக அதற்குப் பத்துக் கட்டம் போதும். ரேஞ்சரோ பன்னிரண்டு என்று எண்ணுகிறது. பெயருக்கும் அளவுக்கும் நடுவில் எத்தனை வெற்றிடம் போடுவது என்பதை அந்தப் பன்னிரண்டைக் கொண்டு முடிவு செய்கிறது. இரண்டு வெற்றிடம் குறைய, எண் இரண்டு இடம் உள்ளே வந்துவிடுகிறது.

ரேஞ்சரின் நிரலில் ‘வைட்ஸ்ட்ரிங்’ என்று ஒரு சிறிய கோப்பு இருக்கிறது. சீன, ஜப்பானிய எழுத்துகள் இரண்டு கட்டம் பிடிக்கும் என்பதற்காக அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். எழுத்து அகலமானதா என்று பார்த்து, ஆம் என்றால் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்று உறுப்பைச் சேர்க்கிறது. இல்லையென்றால் ஒரு கட்டம் என்று கொள்கிறது. இடமே பிடிக்காத எழுத்து ஒன்று உண்டு என்பது அந்தக் கணக்கில் இல்லை. திருத்தம் நான்கு வரி. கான்ஃபிக் கோப்புறைக்குள் ‘ப்ளகின்ஸ்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் ஒரு பைதான் கோப்பு வைத்தேன். ரேஞ்சர் தொடங்கும்போது அதைத் தானே படித்துக்கொள்ளும். எழுத்துகளைப் பட்டியலாக்கும் செயற்கூறுக்குப் பதிலாக என் செயற்கூறை அதில் வைத்தேன்: ஒவ்வொரு குறியீட்டையும் எடு, பைதானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியிடம் அதன் வகையைக் கேள், வகை ‘எம்என்’ (இடம் பிடிக்காத குறி) என்று வந்தால் பட்டியலின் கடைசி உறுப்போடு ஒட்டிவிடு, இல்லையேல் புதிய உறுப்பாகச் சேர். அகல எழுத்துக்கான பழைய விதியையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ரேஞ்சரை மறுபடி திறந்தேன். எண்கள் எல்லாம் ஒரே கோட்டில் நின்றன. நான் எதிர்பாராத இன்னொன்றும் சரியாகியிருந்தது. பத்தியின் அகலத்துக்குள் அடங்காத நீண்ட பெயர்களை ரேஞ்சர் ஓரத்தில் வெட்டும். முன்பு அந்த வெட்டு மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் விழுந்து, ‘ப்’ என்பது ‘ப’ ஆகிவிடும். இப்போது புள்ளி எழுத்தோடு ஒட்டியே இருப்பதால் அது நேர்வதில்லை. இந்தத் தேடலில் தெரிந்துகொண்ட ஒரு விந்தை: தமிழில் புள்ளியைப் போலவே ஈகாரக் குறியும் யூனிகோடில் ‘எம்என்’ வகைதான். இகரக் குறி அப்படி இல்லை, அது இடம் பிடிக்கும் குறி. ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். குறிலைவிட நெடிலுக்கு இடம் குறைவு என்ற இந்தக் கணக்கை எந்த இலக்கண ஆசிரியரும் ஏற்கமாட்டார். ஆனால் டெர்மினல் உலகில் அதுதான் சட்டம், அதற்குத் தக்கபடி எழுதினால்தான் கோடு நேராகிறது.

கொம்புதான் இன்னும் தீரவில்லை. ‘வெ’ என்பதில் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். குறியீட்டு வரிசையில் வகரம் முதலில், கொம்பு பிறகு. சாளர மென்பொருள்கள் இடம் மாற்றி வரைகின்றன; என்னுடையதைப் போன்ற எளிய டெர்மினல்கள் கட்டத்துக்கு ஒன்றாக வந்த வரிசையிலேயே வைத்துவிடுகின்றன. அது ரேஞ்சருக்குள் திருத்தக்கூடியதல்ல. கண் பழகிவிட்டது, மனம் பழகவில்லை.

முன்னோட்டப் பத்திக்கு வருகிறேன். ஒலிக்கோப்பின் மேல் நின்றால், மீடியாஇன்ஃபோ என்ற கருவி கணினியில் இருக்கும்பட்சத்தில், ரேஞ்சர் அதன் விவரங்களைக் காட்டும்: நீளம், அலைவெண், இன்னபிற. எனக்கு அது பயன்படவில்லை, எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே விவரம்தான். நான் விரும்பியது வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் அதே பெயரில் ஓர் உரைக்கோப்பு வைத்து அதில் ஊர், பாடியவர், முதல் அடி, அருஞ்சொற்கள் எல்லாம் எழுதுகிறேன். குறிப்பு எழுதிய பாட்டின் மேல் நின்றால் குறிப்பு தெரிய வேண்டும். எழுதாத பாட்டின் மேல் நின்றால் ஒலியின் அலைவடிவப் படம் தெரிய வேண்டும். அப்படிச் செய்துவிட்டால், எந்தக் கோப்பில் வேலை முடிந்தது, எதில் முடியவில்லை என்பது வலப்பக்கத்தைப் பார்த்ததுமே விளங்கிவிடும்.

அலைவடிவப் படம் அலங்காரத்துக்காக அல்ல. பதிவு தொடங்கியதும் மாமா ஊர் நலம் விசாரிப்பார், யாரோ தண்ணீர் கொடுப்பார்கள், நாய் குரைக்கும். பாட்டு எங்கோ நான்காவது நிமிடத்தில் தொடங்கும். படத்தில் பேச்சு சிதறிய முட்களாகத் தெரிகிறது, பாட்டு ஒரே சீரான பட்டையாகத் தெரிகிறது. நடவுப்பாட்டில் ஒருவர் பாடப் பலர் எடுத்துக் கொடுப்பதால் சிறிய பட்டையும் பெரிய பட்டையும் மாறி மாறி வரும். ஒப்பாரியில் அடிக்கு அடி மூச்சு வாங்கும் இடைவெளி பள்ளமாக விழும். கேட்பதற்கு முன்பே இது இன்ன வகை என்று ஊகிக்க முடிகிறது.

ஸ்கோப் என்பது ஒரு ஷெல் நிரல், அதாவது டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. கோப்பின் பாதையையும் படத்தைச் சேமிக்க வேண்டிய இடத்தையும் ரேஞ்சர் அதற்குக் கொடுக்கும். நிரல் எந்த எண்ணோடு முடிகிறது என்பதைப் பார்த்து, காட்ட வேண்டியது உரையா படமா என்று ரேஞ்சர் முடிவு செய்யும். 5 என்றால் நிரல் அச்சிட்ட உரையை அப்படியே காட்டு. 6 என்றால் சேமித்த படத்தைக் காட்டு. என் நிரலில் எழுதியது: உரைக்கோப்பு இருந்தால் அதை அச்சிட்டு 5, இல்லையென்றால் எஃப்எஃப்எம்பெக் கருவியின் ‘ஷோவேவ்ஸ்பிக்’ வடிகட்டியால் படம் வரைந்து 6. டெர்மினலில் படம் தெரிவதற்கு டபிள்யூ3எம் உலாவியின் படக்காட்டும் துணைக்கருவியை நிறுவி, ஆர்சி கோப்பில் பட முன்னோட்டத்தை இயக்கினேன்.

அழகாக வேலை செய்தது, முதல் குறிப்பை எழுதும்வரை. ஒரு தாலாட்டுக்குக் குறிப்பு எழுதிச் சேமித்துத் திரும்பினால், இன்னும் அலைவடிவமே தெரிந்தது. கண்ட்ரோல் ஆர் அழுத்தி மீட்டமைத்தேன், மாற்றமில்லை. ரேஞ்சரை மூடித் திறந்தேன், மாற்றமில்லை. நிரலுக்குள் ஒரு வரி சேர்த்து, அது எப்போதெல்லாம் ஓடுகிறது என்று பதிவு செய்து பார்த்தபோதுதான், அந்தக் கோப்புக்கு என் நிரல் அழைக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. ஒருமுறை படம் சேமிக்கப்பட்டுவிட்டால், அந்தப் படம் மூலக்கோப்பைவிடப் புதியதாக இருக்கும்வரை ரேஞ்சர் நிரலைக் கேட்காமலே படத்தைக் காட்டிவிடுகிறது. படக்கோப்புகளுக்கு அது நியாயமான சிக்கனம். என் ஏற்பாட்டில் மாறுவது மூலக்கோப்பு அல்ல, பக்கத்தில் இருக்கும் குறிப்பு.

ஒலிக்கோப்பின் நேரமுத்திரையைத் தொட்டுப் புதுப்பித்தால் தீர்ந்துவிடும். ஆனால் அந்த நேரமுத்திரைதான் மாமா பதிவு செய்த நாளும் மணியும். அதை நான் தொடமாட்டேன். மாறாக, படத்தின் நேரமுத்திரையைப் பின்னுக்குத் தள்ளினேன். படம் வரைந்து முடிந்த கையோடு, ‘டச்’ கட்டளையால் அதன் தேதியை 1970 ஜனவரி 1 ஆக்கிவிடுகிறது என் நிரல். ரேஞ்சர் பார்க்கும்போது படம் எப்போதும் பழையது. எனவே ஒவ்வொரு முறையும் நிரலை அழைக்கிறது. நிரல் முதலில் குறிப்பைத் தேடுகிறது. இல்லையென்றால், படம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வரையாமலே 6 சொல்லி வெளியேறுகிறது. குறுந்தகட்டுத் தரத்தில் பதிந்த ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. அரைமணி நேரப் பதிவுக்குப் படம் வரைய என் கணினி மூச்சுவாங்கும். ஒருமுறை வரைந்ததை மறுபடி வரையக் கூடாது என்பதும் இதில் காப்பாற்றப்பட்டது.

இந்த ஸ்கோப் கோப்பை ஒருமுறை பென்டிரைவ் வழியாக நகலெடுத்து மறுபடி கொண்டுவந்தபோது முன்னோட்டம் முழுவதுமாக நின்றுபோனது. இயக்கும் அனுமதி நகலில் தொலைந்திருந்தது. ‘சிஎச்மோட்’ கட்டளையால் அந்த அனுமதியைத் திரும்பக் கொடுத்ததும் உயிர் வந்தது.

குறிப்பு எழுதுவதற்கென்று கமாண்ட்ஸ் கோப்பில் ஒரு கட்டளை சேர்த்தேன். பைதான் 3இல் வகுப்புகளுக்கு (நிரலில் ‘கிளாஸ்’ என்று எழுதும் பகுதிகள்) தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘குறிப்பு’ என்று ஒரு வகுப்பு எழுதினேன்; நிற்கும் கோப்பின் பெயரிலிருந்து ஒலியின் பின்னொட்டைக் கழித்து, உரையின் பின்னொட்டைச் சேர்த்து, எடிட்டரில் திறந்து, மூடியதும் ரேஞ்சரை மீட்டமைக்கும். வகுப்பின் பெயர்தான் கட்டளையின் பெயர். முக்காற்புள்ளி அழுத்தி ‘குறிப்பு’ என்று தமிழில் அடித்தேன்; எடிட்டர் திறந்தது. அந்த நிமிடம் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. வேறொரு நாட்டில், தமிழைக் கண்டிராத யாரோ எழுதிய கருவி, தமிழ்ச்சொல்லைக் கட்டளையாக ஏற்றுக்கொண்டு பணிந்தது.

ரைஃபிள் கோப்பில் சேர்த்தது ஒரே வரி. ஒலிக்கோப்புகளை எம்பிவி இயக்கியில் திறக்கும் விதிக்குக் கீழே, முக்கால் வேகத்தில் திறக்கும் இன்னொரு விதி. முதலில் பொருந்தும் விதிதான் இயல்பாக ஓடும். ஆர் விசையை அழுத்தினால் மற்ற விதிகளும் பட்டியலாக வரும். எம்பிவி வேகத்தைக் குறைத்தாலும் சுருதியை மாற்றுவதில்லை. பல்லில்லாத பாட்டிகளின் சொற்களைப் பிரித்தெடுக்க அது இல்லாமல் முடியாது.

இப்போது அந்த விபத்து.

ரேஞ்சரில் பல கோப்புகளுக்கு ஒரே வீச்சில் பெயர் மாற்ற ‘பல்க்ரீநேம்’ என்ற கட்டளை இருக்கிறது. கோப்புகளைக் குறித்துக்கொண்டு அதை இயக்கினால், பெயர்கள் வரிக்கு ஒன்றாக எடிட்டரில் திறக்கும். வரிகளைத் திருத்திச் சேமித்தால், எந்தப் பெயர் எதுவாக மாறப்போகிறது என்பதை ஷெல் நிரலாக எழுதி மறுபடி எடிட்டரில் காட்டும். அதைப் படித்து ஒப்புக்கொண்டு மூடினால் பெயர்கள் மாறும். முதல் நோட்டுப் புத்தகத்தின் 61 பதிவுகள் உள்ள கோப்புறையை இப்படி முடித்தேன். நோட்டைப் பார்த்துப் பார்த்து இரண்டு மணி நேரம் தட்டச்சு. கடைசியில் காட்டிய ஷெல் நிரலைப் படிக்காமல் மூடினேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை வந்திருந்தார். மாமாவோடு ஊர் ஊராகப் போனவர் அவர். ‘தாலாட்டு’ என்று பெயர் வைத்த ஒன்றை ஓடவிட்டேன். நான்கு நொடிதான்.

“இது தாலாட்டு இல்லையே, தம்பி. ஒப்பாரி. புருஷனுக்குப் பாடியது” என்றார். அடுத்ததை ஓடவிட்டேன். கும்மி என்று பெயர். வந்தது அந்தத் தாலாட்டு. அத்தை ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

கோப்புறையின் அடிக்குப் போனேன். 61ஆவது கோப்பு ஆர்0061 என்ற பழைய பெயரோடே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நடந்தது விளங்கிவிட்டது. ரேஞ்சரில் சிறிய டி விசையை இரண்டுமுறை அழுத்தினால் கோப்பை வெட்டி எடுப்பது. ஒட்டாதவரை ஒன்றும் ஆகாது. விம்மில் அதே இரண்டு விசை வரியையே நீக்கிவிடும். பட்டியலின் நடுவில் எங்கோ கைப்பழக்கத்தில் அழுத்தியிருக்கிறேன். ஒரு வரி போனது. அதற்குக் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒருபடி மேலேறி, ஒவ்வொரு பாட்டும் தனக்கு அடுத்த பாட்டின் பெயரைப் போட்டுக்கொண்டது. ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுத நேர்ந்தால் அந்த ஷெல் நிரல் கேட்டு நிற்கும். எல்லாமே புதுப்பெயர்களாக இருந்ததால் கேட்க எதுவும் இல்லை.

காப்பாற்றியது நேரமுத்திரை. பெயரை மாற்றினால் கோப்பின் நேரமுத்திரை மாறுவதில்லை. ஓ விசையும் பெரிய எம் விசையும் அழுத்தி, பழையது மேலே வரும்படி வரிசைப்படுத்தினேன். மாமா பதிந்த வரிசை அப்படியே திரும்ப வந்தது, நோட்டுப் புத்தகத்தின் வரிசையும் அதுவே. மறுபடி பல்க்ரீநேம். இந்த முறை விம்மில் வரியெண்களைக் காட்டச் சொல்லி, நோட்டில் நான் போட்ட எண்ணும் வரியெண்ணும் ஒத்துப்போகிறதா என்று பத்து வரிக்கு ஒருமுறை சரிபார்த்தேன். விடுபட்டது 24ஆவது பெயர். அந்தப் பெயர் காலியாக இருந்ததால் 24ஆவது கோப்பு அதற்குள் போனது. அது விட்டுச்சென்ற பெயருக்குள் 25ஆவது போனது. இப்படி மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. அன்றிலிருந்து ஷெல் நிரலை மூடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் சேமித்துக்கொள்கிறேன்.

பெயர்களைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். முதலில் நான் பாட்டின் முதல் அடி முழுவதையும் கோப்புப் பெயராக வைத்தேன். சில பெயர்களை லினக்ஸ் மறுத்தது, பெயர் நீளம் என்று. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டு எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் 3 பைட்டு. ஆகவே 85 குறியீடுதான், அதிலும் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ‘நடவுப்பாட்டு’ என்ற ஒரு சொல்லே 36 பைட்டு. முதல் அடியைக் குறிப்புக்குள் அனுப்பிவிட்டு, பெயரில் ஊர், வகை, எண் மட்டும் வைத்துக்கொண்டேன். விண்டோஸில் நீண்ட தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது இதே சுவரில் முட்டுவார்கள்.

இரண்டாவது, தேடல். மாமாவின் நண்பர் ஒருவர் தன் மேக் கணினியில் சேர்த்துவைத்திருந்த ஒரு கோப்புறையை அனுப்பினார். அதில் ‘பொன்னமராவதி’ என்ற பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சாய்கோடு அழுத்தித் தேடினால் கிடைக்கவில்லை. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். என் விசைப்பலகை ஒன்றாக எழுதுகிறது; மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பிரித்துத்தான் சேமிக்கும். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘கான்வ்எம்வி’ என்ற கருவியில் ‘--என்எஃப்சி’ என்று சொன்னால் எல்லாப் பெயர்களையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றித்தரும். அது முதலில் என்ன செய்யப்போகிறேன் என்று காட்டுவதோடு நின்றுவிடும். ‘--நோடெஸ்ட்’ என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். விபத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட கருவிகளின் மேல் எனக்குத் தனி மரியாதை. இந்த முறை பட்டியலை வரி வரியாகப் படித்தேன்.

முடித்த பாட்டுகளுக்கு டி விசையால் (வெட்டும் டி அல்ல, ஆங்கில வரிசையில் எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி) நட்சத்திரக்குறி போட்டுவந்தேன். ஒருநாள் எல்லா நட்சத்திரமும் காணவில்லை. ரேஞ்சர் குறிகளை முழுப் பாதையோடு நினைவில் வைக்கிறது. டிஸ்க் அன்று வேறு பெயரில் இணைந்திருந்தது. எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கின் அடையாள எண்ணைக் கொடுத்து எப்போதும் ஒரே இடத்தில் இணையும்படி செய்தேன். நட்சத்திரங்கள் திரும்பிவந்தன. அதோடு எல்லாவற்றையும் இரண்டாவது டிஸ்க் ஒன்றுக்கும் நகலெடுத்துவிட்டேன்.

அத்தை இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறார். நான் ரேஞ்சரில் கீழ் அம்பை அழுத்துகிறேன். அலைவடிவம் தெரிந்தால் எம்பிவி, அத்தை சொல்லச் சொல்லக் குறிப்பு, அடுத்தது. நேற்று மூன்றாவது நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். தண்ணீர் பட்டு முதல் ஆறு பக்கங்களில் மை ஊறிப் பரவியிருக்கிறது. ஊர்ப் பெயர்கள் பாதிதான் தெரிகின்றன. அந்தப் பக்கங்களுக்குரிய கோப்புகளை ‘அத்தை’ என்று ஒரு கோப்புறையில் தனியாக வைத்திருக்கிறேன். குரலைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடலாம் என்கிறார்.